கோல் காப்பாளர் எப்போது, எப்படிப் பாய வேண்டும்? மலையக மைதானங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையிலான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்று முடிந்தால், அடுத்த சில நாட்களுக்கு லயத்து வாசலிலும் டவுன் கடைகளிலும் பேச்சு கோல் காப்பாளரைப் பற்றித்தான் இருக்கும். "பாய்ந்திருந்தால் பிடித்திருக்கலாம்", "பெனல்டிக்குப் பிழையான பக்கம் பாய்ந்துவிட்டான்", "கீப்பர் கையில் பந்து இருக்கும்போது எப்படிக் கோர்னர் கொடுக்கலாம்?" என்று வாதம் போகும். கடைசிக் கேள்வி 2025இல் விதி மாறிய பிறகு வந்தது. முதல் இரண்டும் பழையவை. ஆனால் மூன்றுக்கும் விடை தெரிய வேண்டுமென்றால் கோல் காப்பின் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

இங்கே நான் சொல்ல வருவது இதுதான்: பாய்ச்சல் என்பது காப்பின் கடைசிப் பகுதி. பந்து தடுக்கப்படுமா என்பதில் பெரும்பங்கு, கால்கள் இன்னும் தரையில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. நம் மலையக மைதானங்களில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. இங்கே பாய்ச்சலைக் கெடுப்பது பெரும்பாலும் விழப் பயப்படுவது. ஆகவே பறக்கக் கற்றுக்கொடுக்கும் முன் விழக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

முதலில் அளவுகள்

பெரியவர்களின் ஆட்டத்தில் கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். நடுவில் நிற்கும் காப்பாளருக்கு ஒவ்வொரு கம்பமும் 3.66 மீற்றர் தள்ளி இருக்கிறது. பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை, சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர் வரை.

இப்போது நேரத்தைப் பார்ப்போம். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 25 மீற்றர். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 20 மீற்றரிலிருந்து உதைத்த பந்து 0.8 செக்கனில் கோலுக்கு வருகிறது. கண் பார்த்து உடல் அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 செக்கன் போய்விடும். மிச்சம் 0.6 செக்கன். அதே உதை 10 மீற்றரிலிருந்து வந்தால் மொத்தம் 0.4 செக்கன், மிச்சம் 0.2. அந்த நேரத்தில் யாராலும் பறக்க முடியாது. ஒரு கையை இறக்கலாம், ஒரு காலை நீட்டலாம், அவ்வளவுதான்.

அப்புறம் எட்டும் தூரம். 1.70 மீற்றர் உயரமுள்ள ஒருவர் கையை நீட்டிப் பக்கவாட்டில் படுத்தால் குதிகாலிலிருந்து விரல் நுனிவரை 2.1 மீற்றர் அளவு வரும். கம்பம் இருப்பதோ 3.66 மீற்றரில். குறைகிற ஒன்றரை மீற்றரையும் கால்கள்தான் கொடுக்க வேண்டும். கோல் காப்பைக் கைகளின் வேலையாகப் பார்க்கிறவர்கள் இந்தக் கழித்தல் கணக்கை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

நிற்கும் இடம்

பந்தை ஒரு டோர்ச் லைட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். காப்பாளரின் நிழல் கோலில் விழுகிறது. அவர் கோட்டிலேயே நின்றால் நிழல் அவரளவுதான். டோர்ச்சை நோக்கி முன்னே வர வர நிழல் பெரிதாகி, மறைக்கப்படாமல் இருக்கும் இடம் சுருங்குகிறது. கோணத்தைக் குறைத்தல் என்று பயிற்றுவிப்பாளர்கள் சொல்வது இதைத்தான்.

எண்ணாகப் பார்த்தால், பந்து கோலுக்கு நேரே 16 மீற்றரில் இருக்கிறது என்று வையுங்கள். காப்பாளர் கோட்டிலிருந்து 4 மீற்றர் முன்னே வந்தால், அவர் ஒவ்வொரு பக்கமும் காக்க வேண்டிய தூரம் 3.66இலிருந்து ஏறத்தாழ 2.75 மீற்றராகக் குறைகிறது. கிட்டத்தட்ட ஒரு மீற்றர் இலாபம். அதற்கு ஒரு விலையும் உண்டு. பந்துக்கும் அவருக்கும் இடையே 12 மீற்றர்தான் இருப்பதால் நேரம் 0.64 செக்கனிலிருந்து 0.48 ஆகிவிடுகிறது. தலைக்கு மேலால் தூக்கிப் போடவும் வழி திறக்கிறது. எவ்வளவு முன்னே வருவது என்பது இந்த இரண்டுக்கும் இடையிலான முடிவு. உதைப்பவர் தலையைக் குனிந்து பந்தைத் தள்ளிக்கொண்டு வருகிறார் என்றால் முன்னே வரலாம். அவர் தலையை நிமிர்த்திக் கோலைப் பார்த்துவிட்டார் என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். உதைபடும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் காப்பாளரால் எந்தப் பக்கமும் பாய முடியாது.

இரண்டு கம்பங்களுக்கும் நடுப்புள்ளியையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் நிற்பது அடிப்படை விதி. பந்து பக்கவாட்டுக்குப் போகும்போது இந்தக் கோடும் நகர்கிறது. பல கோல்கள் விழுவது காப்பாளர் இந்தக் கோட்டிலிருந்து ஓர் அடி விலகி நின்றதால்தான். பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. எட்டாமல் போன பாய்ச்சல் மட்டுமே கண்ணில் நிற்கும்.

கால்கள் செய்யும் வேலை

பாய்ச்சலை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் அதன் வரிசை இப்படி இருக்கும்:

1. தயார்நிலை. கால்கள் தோள் அகலத்துக்கு விலகி, முழங்கால் சற்று மடங்கி, எடை குதிகாலில் இல்லாமல் முன்பாதத்தில் இருக்க வேண்டும். கைகள் இடுப்பளவில், உடலுக்கு முன்னால். உதைப்பவரின் கால் பந்தைத் தொடும் தருணத்தில் காப்பாளர் ஒரு சிறிய துள்ளல் துள்ளி இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருக்க வேண்டும். துள்ளல் உயரமாக இருந்தால் உதை நடக்கும்போது அவர் காற்றில் இருப்பார். அந்தப் பந்துக்கு அவர் பாயவே முடியாது.

2. ஓர் எட்டு. பந்து வரும் பக்கத்துக் கால், பக்கவாட்டாகவும் கொஞ்சம் முன்னோக்கியும், ஏறத்தாழ 45 பாகையில் வைக்கப்படுகிறது. நேரே பக்கவாட்டில் வைத்தால் உடல் பின்னோக்கிச் சரியும்.

3. தள்ளுதல். எடுத்து வைத்த அந்தக் காலே உடலைத் தள்ளுகிறது. மற்றக் காலின் முழங்கால் மேலெழுந்து விசையைக் கூட்டுகிறது.

4. பந்து தூரத்தில் போகிறது என்றால், இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்றிரண்டு பக்க எட்டுகள், அல்லது ஒரு காலை மற்றதன் குறுக்கே போட்டு எடுக்கும் குறுக்கு எட்டு.

இரண்டாவதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் இளம் காப்பாளர்களிடம் அதிகம் காணப்படும் பிழை அங்கேதான் இருக்கிறது. பந்து கோலின் மூலையை நோக்கி வரும்போது, அந்தப் பாதைக்கு மிகக் குறுகிய வழி காப்பாளருக்கு முன்பக்கமாகச் சாய்ந்த வழி. பின்னோக்கிப் பாய்கிறவர் பந்தை அதன் பயணத்தின் கடைசியில், கோல் அகலமாக விரியும் இடத்தில் சந்திக்கப் பார்க்கிறார். கை பட்டாலும் பந்து உள்ளே போகும். முன்னோக்கிப் பாய்ந்தவரின் விரல் பட்டால் அதே பந்து கம்பத்துக்கு வெளியே போகும்.

கால்களின் பங்கைப் புரிந்துகொள்ள 1970 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக் காப்பாளர் கோர்டன் பேங்க்ஸ் செய்த காப்பைப் பாருங்கள். ஜூன் 7ஆம் திகதி, மெக்சிகோவின் குவாடலஹாராவில் பிரேசிலுக்கும் இங்கிலாந்துக்கும் ஆட்டம். பிரேசிலின் ஜைர்சினோ வலப்பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போட, மறுகம்பத்துப் பக்கம் பெலே எழும்பித் தலையால் கீழ்நோக்கி அடித்தார். அருகிலிருந்த கம்பத்தைக் காத்துக்கொண்டிருந்த பேங்க்ஸ் கோலின் மறுபக்கத்துக்கு நகர்ந்து, பிறகே தாழ்வாகப் பாய்ந்து, தரையில் பட்டு எழும்பிய பந்தை வலக்கையால் குறுக்குக் கம்பத்துக்கு மேலாகத் தட்டினார். எல்லோரும் அந்தக் கையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். பந்து காற்றில் குறுக்கே வந்துகொண்டிருந்தபோதே கோலின் குறுக்கே நகர்ந்த கால்கள் இல்லையென்றால் அந்தக் கைக்கு வேலை இருந்திருக்காது.

கைகள்

கைகளைப் பற்றி மூன்று விடயங்கள் போதும்.

பிடிப்பதா, தட்டுவதா? உடல் பந்துக்குப் பின்னால் இருந்தால் பிடிக்கலாம். முழு நீளத்துக்கு நீட்டிய கைக்குப் பிடிக்கும் வலு இல்லை, தட்ட வேண்டும். தட்டும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியைக் கொடுத்து, மணிக்கட்டை இறுக்கி, பந்தைக் கம்பத்துக்கு வெளியே பக்கவாட்டில் அனுப்ப வேண்டும். நடுவுக்குத் திரும்பி வரும் பந்து எதிரணிக்கு இன்னொரு வாய்ப்பு.

எந்தக் கை? தாழ்வான பந்துக்குக் கீழ்க்கை முந்தும். தலைக்கு மேலே, மேல்மூலைக்குப் போகும் பந்துக்கு மேல்கை கூடுதலாக எட்டும். உடல் காற்றில் வளைந்து சாயும்போது மேலே இருக்கும் தோள் மேல்நோக்கித் திறப்பதுதான் காரணம்.

தாழ்வான பந்தைப் பிடிக்கும்போது ஒரு கை பந்துக்குப் பின்னால், மற்றது பந்துக்கு மேலே. மூன்றாவது கையாகத் தரை இருக்கிறது.

விழுதல்: இங்கேதான் நம் பிரச்சினை

புல் அடர்ந்த, மெத்தென்ற மைதானத்துக்காக எழுதப்பட்ட பயிற்சிமுறைகளை மலையகத்தில் அப்படியே செய்தால் பிள்ளைகள் காயப்படுவார்கள். நம் தோட்ட மைதானங்கள் பெரும்பாலும் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தியவை. மேல்மண் வெட்டுப்பட்டுப் போன பக்கத்தில் சரளையும் கல்லும் மேலே நிற்கும். கோல் வாய்க்கு முன்னால் எப்போதும் மிதிபடுவதால் புல் இருக்காது. வருடத் தொடக்கத்து வெயில் மாதங்களில் அது இறுகிக் கிடக்கும், மழைக்காலத்தில் அதே இடம் குட்டை. ஒரு மைதானத்தில் விழ மிகவும் மோசமான இடம் எதுவோ, அங்கேதான் கோல் காப்பாளர் விழ வேண்டியிருக்கிறது.

இதன் விளைவு நேராகப் பாய்ச்சலில் தெரியும். விழப் பயப்படும் பிள்ளை பாதிப் பாய்ச்சலில் கையைத் தரையில் ஊன்றப் பார்க்கும். பந்துக்குப் போக வேண்டிய கை தரைக்குப் போகிறது, மணிக்கட்டும் முழங்கையும் உடலின் முழு எடையையும் வாங்குகின்றன. இன்னும் சிலர் வயிறு தரையில் படக் குப்புற விழுவார்கள். அதில் முகமும் விலாவும் பாதுகாப்பில்லாமல் போகும். வேறு சிலர் பாயாமலே நின்று காலை நீட்டுவார்கள். "பயந்தாங்கொள்ளி" என்று கரையிலிருந்து கத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பிள்ளையின் உடல் சரியாகத்தான் யோசிக்கிறது. விழும் முறை தெரியாத உடல் தன்னைக் காத்துக்கொள்ளும். அதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை.

சரியான விழுதல் என்றால் அடியை ஒரே இடத்தில் வாங்காமல் உடலின் பக்கவாட்டில் பரப்பிவிடுவது. வரிசை இப்படி: கெண்டைக்காலின் வெளிப்புறம், தொடையின் வெளிப்புறம், இடுப்பின் சதைப்பக்கம், விலாவின் பக்கம், தோளின் பின்பக்கம். முழங்கால் மூட்டும் முழங்கையும் இந்தப் பட்டியலில் இல்லை. இடுப்பு எலும்பின் முனையும் இல்லை. உடல் முழுதும் பந்தைப் பார்த்தபடி, மார்பு ஆட்டத்தை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். பந்தைப் பிடித்துவிட்டால் முதலில் பந்தே தரையைத் தொடுகிறது. கைகள் பந்தின் மேல் அழுந்த, விழும் வேகத்தில் ஒரு பகுதியைப் பந்து வாங்கிக்கொள்கிறது.

அருகில் வரும் தாழ்வான பந்துக்கு இன்னொரு வகை இருக்கிறது. அதில் பறக்கவே வேண்டாம். பந்துப் பக்கத்துக் காலை மடக்கி விலக்கிவிட்டால் உடல் தன் எடையிலேயே கீழே சரியும். தரையிலிருந்து எழும்பாததால் விழும் உயரம் குறைவு, நேரமும் மிச்சம். இறுகிய தரையில் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சரிவுதான் முதலில் கைவர வேண்டிய நுட்பம் என்பது என் உறுதியான எண்ணம். தோட்ட ஆட்டங்களில் பல கோல்கள் காப்பாளரின் காலருகே, உடலிலிருந்து ஒரு மீற்றருக்குள் போகும் பந்துகளிலிருந்து வருகின்றன. மேல்மூலைக்குப் பறக்கும் பாய்ச்சலை ஒருவர் மாதக்கணக்கில் பழகிவிட்டு, காலடியில் போகும் பந்தை விடுவது வீண்.

மிக அருகில், ஒருவருக்கு ஒருவர் என்ற நிலையில், பாய்ச்சலே வேண்டாத காப்பும் உண்டு. கை கால்களை விரித்து உடலைச் சுவராக்குவது அது. 2022 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தின் 123ஆவது நிமிடத்தில் ஆர்ஜென்டீனாவின் எமிலியானோ மார்ட்டினெஸ் பிரான்சின் கோலோ முவானியின் உதையை நீட்டிய இடக்காலால் தடுத்தது இந்த வகை. முதலில் சொன்ன 0.2 செக்கன் கணக்கை நினைவில் வைத்தால் அது ஏன் சரியான தெரிவு என்று விளங்கும்.

மழை, மூடுபனி, உயரம்

மேற்குச் சரிவில், ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருட இறுதியில் வடகீழ்ப் பருவமழை. எந்தப் பக்கத்துக் காப்பாளருக்கும் வருடத்தில் பல மாதங்கள் ஈரப்பந்துதான்.

ஈரப்புல்லில் தாழ்வாக வரும் பந்து தரையில் பட்டதும் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டு வரும். அதே பந்து சேற்றில் பட்டால் நின்றுவிடும். ஆகவே மழையில் ஆட்டம் தொடங்குமுன் கோலுக்கு முன்னால் எங்கே புல், எங்கே சேறு என்று நடந்து பார்த்து வைப்பது காப்பாளரின் வேலை. வேகமான ஈரப்பந்தை நேராகப் பிடிக்கப் பார்ப்பதைவிட, உடலைப் பின்னால் வைத்துத் தடுப்பதும், உயரப் பந்தை இரண்டு முட்டியாலும் குத்தி அனுப்புவதும் பாதுகாப்பு. கையுறையின் லேற்றக்ஸ் பஞ்சு முற்றிலும் காய்ந்திருந்தாலும் பிடிக்காது, சேறு அப்பியிருந்தாலும் பிடிக்காது. இலேசாக நனைத்து, சேற்றை அடிக்கடி துடைத்து வைத்தால்தான் பிடிப்பு வரும். ஆட்டம் முடிந்ததும் சேற்றைக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் பஞ்சு வெடித்துவிடும்.

மூடுபனி இறங்கும்போது பந்து கண்ணில் படுவதே தாமதமாகும். கோணத்தைக் குறைக்க முன்னே வந்தால் இருக்கும் நேரமும் போய்விடும். அந்த நேரத்தில் வழக்கத்தைவிட ஓரிரு எட்டு பின்னால் நின்று, நேரத்தை வாங்கிக்கொள்வது நல்லது.

உயரத்தைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு: நுவரெலியாவில் பந்து கொழும்பைவிட வேகமாக வரும் என்பார்கள். அது உண்மை, ஆனால் எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிரையும் சேர்த்துக் கணக்கிட்டால் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு அளவு குறைவு. செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் புறப்பட்டு 20 மீற்றர் வரும் உதைக்குக் காற்றுத் தடையோடு தோராயமாகக் கணக்குப் போட்டால், பந்து வருவதில் வித்தியாசம் ஒரு செக்கனின் நூறில் ஒன்றிரண்டு பங்கு. அந்த நேரத்தில் பந்து போகும் தூரம் ஒரு பந்தின் அகலத்தைவிடச் சற்று அதிகம். விரல் நுனிக்கும் பந்துக்கும் இடையே அது போதும்தான். ஆனாலும் ஈரத்தரையும் கல்லும் செய்யும் வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் சிறியது. காற்று மெலிவதால் வளையும் பந்தும் கொஞ்சம் குறைவாக வளையும்.

பலர் கவனிக்காத இன்னொன்று பந்தின் காற்றழுத்தம். கீழே காற்றடித்த பந்தை மேலே கொண்டுவந்தால் வெளியழுத்தம் குறைவதால் அது இறுகும். குளிர் அதில் ஒரு பங்கைக் குறைத்தாலும், மொத்தத்தில் பந்து கடினமாகவே இருக்கும். கடினமான பந்து கையிலிருந்து தெறிக்கும். விதிப்படி அழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டல அளவுக்குள் இருக்க வேண்டும், அதை மைதானத்தில் வைத்தே சரிபார்க்க வேண்டும்.

தண்ட உதை (பெனல்டி): பிழையான பக்கம் பாய்ந்தாரா?

11 மீற்றரிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அடித்த பந்து ஏறத்தாழ 0.4 செக்கனில் கோட்டைக் கடக்கும். கம்பத்தருகே பாய்ந்து எட்ட அரைச் செக்கனுக்கும் மேல் வேண்டும். பந்து போகும் திசையைப் பார்த்துவிட்டுப் பாய்ந்தால் மூலைப்பந்தை எட்ட முடியாது. ஆகவே காப்பாளர் உதைக்கு முன்பே, அல்லது உதைபடும் தருணத்தில், ஒரு பக்கத்தைத் தெரிவு செய்கிறார். "பிழையான பக்கம்" என்று நாம் சொல்வது ஒரு தெரிவு பலிக்காமல் போனது மட்டுமே. உதைப்பவரின் ஊன்றுகால் எந்தப் பக்கம் திரும்புகிறது, இடுப்பு எப்படித் திறக்கிறது என்பவை கடைசி நேரத்தில் கிடைக்கும் நல்ல அடையாளங்கள். கண் போகும் திசையை நம்பக்கூடாது.

பாயாமல் நடுவில் நின்றால்? 2007இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் சிலர் 286 தண்ட உதைகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பந்து நடுப்பகுதிக்கு வந்தது 28.7 சதவீதம். காப்பாளர்கள் நடுவில் நின்றதோ 6.3 சதவீதம்தான். நின்றவர்கள் தடுத்த வீதம் பாய்ந்தவர்களைவிட அதிகம். ஆய்வாளர்கள் சொன்ன காரணம் மனம் சார்ந்தது: பாய்ந்து கோல் வாங்குவதைவிட, அசையாமல் நின்று கோல் வாங்குவது காப்பாளருக்குக் கூடுதல் உறுத்தலைத் தருகிறது. கடைத்தெருப் பேச்சுக்கும் இதில் பங்குண்டு என்றே நினைக்கிறேன். "நின்றுகொண்டு பார்த்தான்" என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து பாய்கிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். அதற்காக எப்போதும் நடுவில் நிற்கலாம் என்று ஆகாது. எதிரணி அதைக் கண்டுகொண்டால் மூலைக்கு அடிக்கும். ஆனால் மூன்று தெரிவுகளில் ஒன்றை நாமே மூடிவிடக்கூடாது.

இப்போதைய விதி இப்படி இருக்கிறது:

1. பந்து உதைபடும்போது காப்பாளரின் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோல் கோட்டைத் தொட்டுக்கொண்டு, அல்லது கோட்டுக்கு நேராக, அல்லது அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒரு காலை முன்னே வைத்துத் தள்ள இது இடம் கொடுக்கிறது. கோட்டின் நீளத்துக்குப் பக்கவாட்டில் அசையவும் தடையில்லை.

2. இதை மீறித் தடுத்தால் உதை மீண்டும் எடுக்கப்படும். முதல் முறை எச்சரிக்கை, மறுமுறை மஞ்சள் அட்டை.

3. காப்பாளர் தொடாமல் பந்து வெளியே போனாலோ கம்பத்தில் பட்டுத் திரும்பினாலோ, அவரின் மீறல் உதைப்பவரைத் தெளிவாகப் பாதித்திருந்தால் மட்டுமே மீண்டும் உதை.

4. உதையைத் தாமதப்படுத்துவது, கம்பத்தையோ வலையையோ ஆட்டுவது போன்றவற்றால் உதைப்பவரின் கவனத்தைக் கெடுக்கக்கூடாது. இது 2023இல் விதியில் தெளிவாகச் சேர்க்கப்பட்டது.

தேசிய அளவிலும் தண்ட உதைக்கு எவ்வளவு கனம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2024 செப்டெம்பரில் இலங்கை அணி கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்றுதான் ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் அடுத்த சுற்றுக்குப் போனது. அந்த அணியின் தலைவர் சுஜான் பெரேரா ஒரு கோல் காப்பாளர்.

பிடித்த பிறகு: எட்டுச் செக்கன் விதி

பழைய விதியில் காப்பாளர் பந்தை 6 செக்கனுக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு மறைமுக உதை, அதாவது இன்னொருவர் தொடாமல் நேரே கோலாக்க முடியாத உதை. நடைமுறையில் நடுவர்கள் அதைக் கொடுப்பது அபூர்வம். 2025-26 பருவத்திலிருந்து நேரம் 8 செக்கனாகக் கூடியது, தண்டனை கோர்னர் ஆனது. கடைசி 5 செக்கன்களை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்ட வேண்டும். காப்பாளர் நின்ற இடத்துக்கு அருகிலுள்ள மூலையிலிருந்து கோர்னர் எடுக்கப்படும்.

பாய்ந்து பிடித்தவருக்கு எண்ணிக்கை எப்போது தொடங்குகிறது? பந்து அவரின் முழுக் கட்டுப்பாட்டில் வந்துவிட்டது என்று நடுவர் தீர்மானிக்கும் நேரத்திலிருந்து. இரண்டு கைகளுக்கு இடையில் மட்டுமல்ல, கைக்கும் தரைக்கும் இடையில் பந்து அழுத்தப்பட்டிருந்தாலும் அது கட்டுப்பாடுதான். அந்த நிலையில் எதிரணி வீரர் பந்தைத் தட்டவோ உதைக்கவோ கூடாது. தட்டினால் குற்றம். தோட்ட ஆட்டங்களில் இதை வைத்து வரும் சண்டைகள் பல, கீப்பர் ஒரு கையால் பந்தைத் தரையில் அழுத்தியிருந்ததை "இன்னும் பிடிக்கவில்லை" என்று எடுத்துக்கொண்டதால் வந்தவை.

பிள்ளைகளுக்குப் பழக்கும்போது

கோல் வாயில் பழக்க வேண்டாம். மைதானத்தின் ஓரத்தில் புல் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். இல்லாவிட்டால் பழைய மெத்தையோ, வைக்கோல் அடைத்த சாக்குகளோ போதும். உயரத்தைப் படிப்படியாகக் கூட்டுவதுதான் முறை:

1. கால் நீட்டி உட்கார்ந்த நிலையில் பந்தைப் பிடித்தபடி பக்கவாட்டில் சாய்தல்.
2. முழங்காலில் நின்று அதே சாய்தல். பிறகு மெதுவாக உருட்டிவிட்ட பந்துக்கு.
3. குந்திய நிலையிலிருந்து.
4. நின்ற நிலையிலிருந்து காலை மடக்கிச் சரிதல்.
5. ஓர் எட்டு வைத்துச் சரிதல். கால்கள் தரையைவிட்டு எழும்பும் பாய்ச்சல் இதற்குப் பிறகே.

ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கமும் பழக வேண்டும். எல்லோருக்கும் ஒரு பக்கம் எளிதாக வரும். பலவீனமான பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது, களைப்பதற்கு முன் அது முடியும். கையை ஊன்றும் பழக்கம் எந்தப் படியில் திரும்ப வந்தாலும் ஒரு படி கீழே இறங்குங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதே வரிசைதான், இதில் எந்த மாற்றமும் தேவையில்லை. முழங்காலுக்கும் முழங்கைக்கும் உறை, நீளக் காற்சட்டை, இடுப்புப் பக்கம் துணி வைத்துத் தைத்த உள்காற்சட்டை என்பவை விலை குறைந்த நல்ல பாதுகாப்பு.

தலைக்காயத்தில் விளையாட்டுக் காட்டக்கூடாது. 2006 ஒக்டோபரில் செல்சி காப்பாளர் பீற்றர் செக் எதிரணி வீரரின் முழங்கால் பட்டு மண்டையோடு உடைந்தவர். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை தலைக்கவசத்தோடுதான் ஆடினார். கம்பத்திலோ முழங்காலிலோ தலை இடித்த பிள்ளை தலைசுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு என்று எதைக் காட்டினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகும் தூரத்தை நினைத்தால், வாகனத்துக்கு யாரிடம் சொல்வது என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே பேசி வைத்திருப்பது நல்லது.

கம்பங்களையும் பாருங்கள். மண்ணில் புதைக்காமல் தூக்கி வைத்த இரும்புக் கோல்கள் முன்பக்கம் சாய்ந்து விழக்கூடியவை. பின்சட்டத்தில் மணல் மூட்டை வைத்தோ ஆணி அடித்தோ கட்டாமல் அதற்குள் யாரையும் நிறுத்தக்கூடாது. மரக்கம்பங்கள் என்றால் வலை மாட்டிய ஆணிகளின் முனை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு பேர் கோலுக்கு முன்னால் ஐந்தரை மீற்றர் வரைக்கும் குனிந்து நடந்து, கையில் அகப்படும் கற்களை எல்லாம் பொறுக்கி, மைதானத்து எல்லைக்கு வெளியே போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்கலாம்.